பெட்டி செத்தால் பதிவும் சாகுமா? நல்லதண்ணியிலிருந்து மலையக ஆவணங்கள் பற்றி

உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை பருவகாலம் ஆரம்பித்தால் நல்லதண்ணிக்கு இரவு பகல் தெரியாது. ஆனால் கடந்த டிசம்பரில் பருவகாலம் தொடங்கியபோது ஊர் வேறு மாதிரி இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலியெடுத்திருந்தது. மலையகத்தில் மண்சரிவு, வீதித் தடை, நாட்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. மின்சாரம் திரும்பி வந்த அன்று, நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய உதவி நிலையத்தின் கணினியின் சுவிட்சைப் போட்டோம். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் கருகல் வாடை. அதன்பிறகு எதுவும் இல்லை.

பன்னிரண்டு வருடப் பழைய கணினி அது. யாரோ கொழும்பில் கழித்துக் கட்டியதை வாங்கி வந்து பாவித்தோம். ஆனால் அதற்குள் இருந்தவற்றைக் கழித்துக் கட்ட முடியாது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ்கள், ஊழியர் சேமலாப நிதிப் படிவங்கள், பெயர் திருத்தத்துக்கான சத்தியக் கடதாசிகள், தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழ்கள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு அதில்தான் இருந்தன. பலரிடம் மூலப்பிரதி இல்லை. லயத்தில் கூரை ஒழுகி, கரையான் அரித்து, இப்போது புயலிலும் போய்விட்டது.

திருத்தக் கொண்டுபோன கடையில் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். "இது முடிஞ்சுது. புதுசு ஒண்டு எடுங்க. பழசை வேணுமெண்டா நாங்க கழிச்சு எடுக்கிறம்." கடைக்காரரில் கோபப்பட ஒன்றுமில்லை. அவருக்கு அது இரும்பு. நாங்களும் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டு விட்டோம் என்பதுதான் இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

விஷயம் பரவியதும் முதலில் வந்தவர் ஒரு வயதான அம்மா. "பொட்டி செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே தம்பி, எம்மவன் படமும் போச்சுங்களா?" என்று கேட்டார்.

1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 1958, 1977, 1983 என ஒவ்வொரு வன்முறைக்குப் பிறகும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் ஏராளம். காடு வெட்டி வயலாக்கியவர்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். அதன் பிறகான கணக்கெடுப்புகளிலும் நினைவேந்தல்களிலும் அவர்களின் மலையகப் பின்னணி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இந்த அம்மா மகனைத் தொலைத்துவிட்டுத் தோட்டத்திலுள்ள தங்கையிடம் திரும்பி வந்தவர். முறைப்பாடு எழுதுவதற்காகச் சில வருடங்களுக்கு முன் அவர் கொண்டுவந்த, ஈரத்தில் ஒட்டிப்போன ஒரே படத்தை ஸ்கேன் செய்து வைத்தோம். கையிலிருந்த படம் பின்னர் அழிந்துவிட்டது. மகனின் முகம் இந்த உலகத்தில் எங்காவது இருந்ததென்றால், அது அந்தச் செத்துப்போன பெட்டிக்குள்தான்.

கணினியைக் கடையிலிருந்து திருப்பி எடுத்து வந்தோம்.

இங்கே ஒரு சாதாரண உண்மையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாததால் எத்தனையோ வீடுகளில் படங்களும் கடிதங்களும் இரும்புக் கடைக்குப் போகின்றன. கணினி செத்துப்போவதும் கோப்புகள் செத்துப்போவதும் ஒன்றல்ல. கோப்புகள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். அது கையகல இரும்புப் பெட்டி, நான்கு திருகாணியைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். பெரும்பாலும் எரிவது மின்சாரம் வழங்கும் பவர் சப்ளை, அல்லது மதர்போர்ட். மின்சாரம் போய் வரும்போது ஏற்படும் அழுத்தத்தில் முதலில் அடிவாங்குவது அந்தப் பகுதிதான். எங்களுக்கும் அதுதான் நடந்திருந்தது. கொழும்பில் வேலை செய்யும் ஊர்ப் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் டிஸ்க்கில் செருகும் சாட்டா முனை உள்ள ஒரு வயரைக் கொண்டுவந்து, அந்த டிஸ்க்கைக் கடன் வாங்கிய லெப்டொப்பில் கொழுவினான். பென் டிரைவ் மாதிரியே திரையில் வந்தது.

வந்தது என்றுதான் நினைத்தோம். கோப்புறையைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. பழைய கணினியின் பாவனையாளர் பெயரில் பூட்டப்பட்டவை அவை. புதிய கணினியில் நிர்வாகி உரிமையோடு நுழைந்து, அந்தக் கோப்புறையின் உரிமையை நம் பெயருக்கு மாற்றிக்கொண்டால் திறக்கும். ஒரு மணித்தியாலம் பிடித்தது. இரண்டாவது சிக்கல்தான் எங்களை உட்கார வைத்தது. கடிதங்களும் பட்டியல்களும் திறந்தன, ஆனால் தமிழ் வரவில்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை.

பாமினி. இலங்கைத் தமிழரில் கணினி தொட்ட ஒரு தலைமுறையே தட்டச்சுப் பழகிய எழுத்துரு. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அலுவலகம், வன்னியிலிருந்த செயலகங்கள், ஹட்டன் அச்சகங்கள், ரொறன்ரோவின் கல்யாண அழைப்பிதழ்கள் என எல்லாவற்றுக்கும் அதுவே. ஆனால் பாமினி உண்மையில் தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, அவற்றின் மேல் தமிழ் முகமூடியைப் போடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி விழுந்துவிடும். எழுத்துருவை நிறுவியதும் எங்கள் கடிதங்கள் உயிர்பெற்றன. ஆனால் பெயரைத் தேடினால் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேடலாம். மாற்றித் தரும் இலவசச் செயலிகள் இணையத்தில் உண்டு, பிழையும் விடும். ஒரு எழுத்து மாறினால் ஒரு ஆள் மாறிவிடும் சமூகத்தில் அந்தப் பிழையை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அது மிகைப்படுத்தல் இல்லை. மலையகத் தமிழரின் வரலாற்றைப் பாதிக்குப் பாதி ஆவணங்களின் வரலாறாகவே எழுதலாம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவிடச் சட்டத்தின் கீழ் உரிமை கேட்க வேண்டுமானால், திருமணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் இறக்கும் மனிதரிடம் எந்தத் தாள் இருக்கும்? செக்ரோலில் பெயர் இருக்கும், அந்தச் செக்ரோல் துரையின் ஒஃபீஸ் அலுமாரியில் இருக்கும். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமென்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றோர் இருந்தார்கள். இந்த ஐம்பத்தைந்து வருடங்களிலும் ஒருவர் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஒரு தாள் இருந்ததா இல்லையா என்பதுதான்.

தோட்டங்களும் கை மாறின. 1970களில் தேசியமயமாக்கல், 1992இல் கம்பனிகளுக்கு முகாமைத்துவம். ஒவ்வொரு மாற்றத்திலும் பேரேடுகள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயின. போகாதவையும் உண்டு. அறுபதை நெருங்கும் ஒரு தொழிலாளி சேமலாப நிதி எடுக்கப் போகும்போது, ஒரு காலப்பகுதிப் பங்களிப்பு 'ராமாயி' பெயரிலும் இன்னொன்று 'இராமாயி அம்மா' பெயரிலும் இருக்கும். சிங்களத்தில் எழுதியவர் ஒரு விதமாகவும், ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். அவர்கள் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க சத்தியக் கடதாசி, பயணச் செலவு, வேலை நாள் இழப்பு. நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக்கி, வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவும் சேர்ப்பதாக 2026 வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தார். அந்த 1,750 ரூபாவில் ஒரு நாளை இழந்துதான் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தப் போக வேண்டும்.

மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடைகள் மேட்டுக்கு மாறின, ஊர்ப்பெயரும் மாறி வந்தது. கோயிலும் பள்ளியும் விகாரையும் அடியிலேயே நின்றுவிட்டன. வரட்சியில் நீர் வற்றும்போது அவை தலைகாட்டும், சனம் போய்ப் பார்க்கும். நல்லதண்ணிக்குப் பஸ்ஸில் போகிற எவருக்கும் இது தெரியும். இடமாற்றத்தில் எதைத் தூக்கிக்கொண்டு போவது, எதை விட்டுவிடுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கும் போதெல்லாம் வரும்.

இப்போது அரசே பெரிய இடமாற்றம் ஒன்றைச் செய்யப்போகிறது. இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் நடக்கிறது. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள், அஸ்வெசும, கொடுப்பனவுகள் எல்லாம் கணினிக்குள் போகின்றன. இதை எதிர்ப்பவன் அல்ல நான். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே அம்பகமுவ பிரதேச செயலகத்தை நம்பிக் கிடந்த மாவட்டம் இது. நோர்வூட் தனிப் பிரிவாக வருவதற்கே எத்தனை வருடப் போராட்டம். கினிகத்தேனைக்குப் போய் வர ஒரு நாளைச் செலவழித்தவருக்கு, கைபேசியில் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தால் அது விடுதலைதான். என் கவலை வேறு: அந்தப் பெரிய பெட்டி செத்தால் என்ன நடக்கும்?

நடந்ததைப் பார்ப்போம். 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச மேகக் கணினியிலிருந்து அழிந்துபோயின. 2023 ஓகஸ்ட் 26 அன்று அதே அரச மேகக் கணினி கப்பம் கோரும் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம் எளிமையானது. மின்னஞ்சல் சேவையில் ஓடியது காலாவதியான மென்பொருள். புதுப்பிக்கப் பணமில்லை என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். அந்தக் காலப்பகுதிக்கான பிரதியும் அசலோடு சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டது. நாட்டின் உச்ச அலுவலகத்தின் மூன்று மாதக் கடிதங்களும், எங்கள் நிலையத்தின் பன்னிரண்டு வருடக் கோப்புகளும் ஒரே தவறுக்குத்தான் இரையாகின.

ஏழை நாடு என்பதால் இப்படி என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜன் நகரிலுள்ள தேசிய தகவல் வள நிலையத்தில், லித்தியம் மின்கலங்களை இடம்மாற்றும்போது தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சொந்தக் கணினியில் வைக்காமல் அங்கேதான் வைக்க வேண்டும் என்று பணிக்கப்பட்டிருந்தார்கள். 858 டெராபைட் எரிந்தது. அளவு பெரிதாக இருந்ததால் வெளியில் பிரதி வைக்கவில்லை என்றார்கள். சொன்னபடி கேட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

இதைப் படிக்கும் வன்னி, கிழக்கு வாசகர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போனதை அறிந்தவர்கள் நாம். இடப்பெயர்வில் அரிசி மூட்டையை விட்டாலும் ஆவணப் பையை விடாதவர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, நாலு படம் எல்லாவற்றையும் சொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, பங்கருக்குள்ளும் இடுப்பிலிருந்து இறக்காதவர்கள். நிலத்தில் புதைத்துவிட்டு வந்து பின்னர் தோண்டியவர்களும் உண்டு. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அண்ணன் வீட்டில் வைக்கும் பழக்கத்தை நமக்கு எந்த வல்லுநரும் சொல்லித்தரவில்லை. 2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்னூலாக்கி வருவதும் அந்த எரிவின் பாடத்தில் இருந்துதான். ஆனால் கைபேசி வந்தபின் அந்தப் பழக்கம் தளர்ந்துவிட்டது. எல்லாம் 'ஃபோனில் இருக்கு' என்கிறோம். கூகுள் தன் இலவசக் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அழிக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. இறந்தவரின், காணாமலாக்கப்பட்டவரின், வெளிநாட்டில் தொடர்பறுந்தவரின் கணக்கில் கிடக்கும் படங்களை யார் போய்த் தொடப்போகிறார்கள்?

இப்போது பல கடைகளில் நடக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் இன்னொரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். மஸ்கெலியா, ஹட்டன் கொமியூனிகேஷன் கடைகளிலும் பாடசாலைகளிலும் உள்ள கணினிகளில் பல, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழையவை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய 2022க்குப் பிறகு புதியது வாங்குவது யாருக்கும் இலகுவில்லை. கடன்பட்டு வாங்குகிறவர்களுக்குக் காத்திருப்பது வேறொரு பொறி. புதிய லெப்டொப்புகளில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் கணக்கோடு ஆரம்பித்தால், டிஸ்க் முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படலாம். திறப்பு அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். யாருடைய கணக்கு? நம் ஊரில் லெப்டொப்பை முதன்முதலில் திறந்து கொடுப்பது கடைப் பையன். தன் மின்னஞ்சலையோ அப்போதைக்கு உருவாக்கிய ஒன்றையோ போட்டிருப்பான். மூன்று வருடம் கழித்து மதர்போர்ட் எரிந்தால், டிஸ்க்கைக் கழற்றி எந்த வயரில் கொழுவினாலும் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கும். அந்தத் திறப்பில்லாமல் உலகத்தில் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் பழைய கணினி பழையதாக இருந்ததால்தான் நாங்கள் தப்பினோம்.

அதற்காக மறையாக்கம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காணாமலாக்கப்பட்டோர் பட்டியல், சாட்சியம், முறைப்பாட்டுப் பிரதி என்று வைத்திருப்பவர்களுக்கு அது அவசியம். பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கும் நாட்டில், வீட்டுக்கு வந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போவது கற்பனைக் கதையல்ல. நாங்கள் எடுத்த முடிவு இது: பூட்டுவோம், ஆனால் திறப்பைத் தாளில் எழுதி இரண்டு பேர் தனித்தனியே வைத்திருப்போம். சாதாரண ஆவணங்களின் ஒரு பிரதி வெளி டிஸ்க் ஒன்றில் வேறு ஊரில் இருக்கும். சாட்சியம் போன்றவை மேகக் கணினிக்குப் போகாது. அதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

புயலில் நனைந்த கணினி வைத்திருப்பவர்கள் சிலர் என்னிடம் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நனைந்ததை 'வேலை செய்யுதா' என்று போட்டுப் பார்க்காதீர்கள், மிச்சத்தைக் கொல்வது அதுதான். அரிசிக்குள் புதைப்பதும் வெயிலில் வறுப்பதும் வேண்டாம். கணினியையோ லெப்டொப்பையோ கழற்றி டிஸ்க்கை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கின் மூடியை மட்டும் எவரும் திறக்கக்கூடாது. கொழுவியதும் 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் அது உரிய கருவிகள் உள்ளவர்களின் வேலை. பழைய கணினியை விற்பதானால் டிஸ்க்கை விற்காதீர்கள். எங்கள் டிஸ்க் கடையோடு போயிருந்தால், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடையாள அட்டை இலக்கமும் அதோடு போயிருக்கும். 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி நாங்கள் கூட்டம் வைத்துப் பேசியிருக்கிறோம். கணினியைக் கடையில் விட்டுவிட்டு வந்தபோது எங்களில் ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை.

படம் கிடைத்தது. கோப்பின் பெயர் வெறும் இலக்கங்கள், எனவே இரண்டு நாள் ஒவ்வொன்றாகத் திறந்து தேடினோம். ஹட்டனில் நான்கு பிரதி போட்டு ஒன்றைப் பிளாஸ்டிக்கில் அடைத்துக் கொடுத்தோம். அம்மா அதைக் கையில் வாங்கி, "வலது பக்கம் இவ்வளவு கறுப்பா இருக்கே" என்றார். அது ஈரம் பிடித்த கறை, ஸ்கேன் செய்யும்போதே இருந்தது. கணினியில் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். மற்ற மூன்றில் ஒன்று கிளிநொச்சியில் இருக்கும் மருமகளுக்குப் போகிறது, இரண்டு எங்களிடம்.

பெயர்ப்பட்டியல்களில் பாதியை யூனிகோடுக்கு மாற்றி முடித்திருக்கிறோம். பழைய விழா மலர்களும் தோட்டக் கணக்கெடுப்புக் கையேடு ஒன்றும் பேஜ்மேக்கரில் கிடக்கின்றன. கடைசிப் பதிப்பு 2001இல் வந்த மென்பொருள் அது. அவற்றைத் திறக்கக்கூடிய கணினி ஒன்று அச்சகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த வாரம் டிக்கோயாவுக்குப் போகிறோம்.